செய்ன் ஆற்றை இழந்த கோட்டை: நார்மண்டி எல்லையில் ஒரு பயணம்

திங்கள் இரவு, ஜிசோர்

நாங்கள் பார்க்க வந்தது வட பிரான்சின் நார்மண்டியில், செய்ன் ஆற்றுக்கு மேலே நிற்கும் ஷத்தோ கையார் கோட்டையை. ஆனாலும் முதல் நாளை ஜிசோருக்கு ஒதுக்கினேன். ஜிசோர் கைமாறியிராவிட்டால் ஷத்தோ கையாருக்கு வேலையே இருந்திருக்காது. எனவே கதையை இங்கிருந்து தொடங்குவதுதான் முறை என்று மகளிடம் சொன்னேன். "சரிப்பா, ஆனா மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம்" என்றாள்.

பாரிஸ் சென்-லசார் நிலையத்தில் புறநகர் ரயில் ஏறினால் அதன் கடைசி நிறுத்தம் ஜிசோர். ஊரின் நடுவில், ஆள் கட்டிய மண்மேட்டின் மேல் எண்கோணக் கோபுரம் ஒன்று நிற்கிறது. 1097 வாக்கில் இங்கிலாந்து அரசன் வில்லியம் ரூஃபஸுக்காகத் தொடங்கிய கோட்டை இது. பின்னால் வந்த முதலாம் ஹென்றியும் இரண்டாம் ஹென்றியும் மேலும் மேலும் பலப்படுத்தினார்கள். இங்கிலாந்து அரசர்களுக்கு இங்கே என்ன வேலை? அவர்களே நார்மண்டியின் கோமகன்களும்கூட. கடலுக்கு அப்பால் முடிசூடிய அரசர்கள், இந்தக் கரையில் பிரெஞ்சு மன்னனுக்குக் கட்டுப்பட்ட சிற்றரசர்கள். இந்த இரட்டை நிலைதான் ஒரு நூற்றாண்டு நீடித்த சண்டையின் வேர்.

ஜிசோர் அருகே ஒரு பெரிய எல்ம் மரம் இருந்தது. இரண்டு நாட்டு மன்னர்களும் பேச்சு வார்த்தைக்குக் கூடுவது அதன் நிழலில்தான். 1188-இல் பேச்சு முறிந்தபோது பிரான்சின் இரண்டாம் பிலிப் அந்த மரத்தை வெட்டிச் சாய்த்தான். பிலிப் அகஸ்டஸ் என்று வரலாறு சொல்லும் அதே பிலிப். மன்னன் மரத்தின் மேல் கோபத்தைக் காட்டினான் என்று நாம் படித்துவிட்டுப் போகிறோம். எல்லைக் கிராமத்துக்காரனுக்கு அது வேறு செய்தி. இனிமேல் பேச இடமில்லை, வயலில் தீ வைப்பார்கள் என்று அவனுக்கு அன்றைக்கே புரிந்திருக்கும்.

1193-இல் ஜிசோர் பிலிப்பின் கைக்குப் போனது. சிலுவைப் போரிலிருந்து திரும்பிய இங்கிலாந்து அரசன் ரிச்சர்ட், இரண்டாம் ஹென்றியின் மகன், அப்போது ஜெர்மனியில் சிறைப்பட்டிருந்தான். அந்த நேரம் பார்த்துப் பிலிப் வந்தான், கோட்டைக் காவலன் போரிடாமலே கதவைத் திறந்துவிட்டான். பிலிப் பிறகு இங்கே எழுப்பிய வட்டக் கோபுரத்துக்குக் கைதியின் கோபுரம் என்று பெயர். அடைபட்டிருந்தவர்கள் சுவரில் செதுக்கிய உருவங்கள் அதற்குள் இன்றும் இருக்கின்றன. மேட்டிலிருந்து அதையும் ஊரின் கூரைகளையும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

செவ்வாய் இரவு, வெர்னோன்

வாடகைக் கார் எடுத்து எப்த் ஆற்றை ஒட்டியே தெற்கே வந்தோம். ஆறு என்று சொல்வதற்கு மனம் தயங்குகிறது, நம்மூர்ப் பாசன வாய்க்கால் அளவுதான் இருக்கிறது. ஆனால் 911-இல் சென்-கிளேர் என்ற கிராமத்தில், வைக்கிங் தலைவன் ரோலோவுக்கும் பிரெஞ்சு மன்னன் மூன்றாம் சார்லசுக்கும் ஏற்பட்ட உடன்பாட்டில்தான் நார்மண்டி பிறந்தது. அதற்குப் பிறகு இந்தச் சின்ன நீர்தான் எல்லை. அந்தப் பக்கம் பிரான்ஸ், இந்தப் பக்கம் நார்மண்டி. கிராமத்தில் இறங்கிப் பாலத்தில் இரண்டு பக்கமும் நடந்தோம். இரு கரையிலும் ஒரே புல், ஒரே மாடுகள்.

எப்த் நதி வெர்னோனுக்கு மேலே செய்ன் ஆற்றில் கலக்கிறது. ரிச்சர்ட் விடுதலையாகி வந்து 2 ஆண்டு போரிட்ட பிறகு, 1196 ஜனவரியில் பிலிப்போடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டான். அதன்படி வெர்னோன், கய்யோன், பாசி, இவ்ரி, நோனான்கூர் எல்லாம் பிலிப்புக்குப் போயின. எப்த் ஆறு எல்லையாக இருந்த காலம் முடிந்தது. செய்ன் ஆற்றின் வழியே பிலிப்பின் படை நேராக ரூவான் நகரத்துக்கு, அதாவது நார்மண்டியின் தலைநகரத்துக்கு, இறங்கி வரலாம். வழியில் தடுக்க எதுவும் இல்லை.

ஒப்பந்தத்தில் இன்னொரு வாசகமும் இருந்தது. ஆந்தெலி (இன்று லெஸாந்தெலி) என்ற ஊர் இருவருக்கும் சொந்தமில்லை, அங்கே அரண் கட்டக் கூடாது. ரூவான் பேராயருக்குச் சொந்தமான ஊர் அது. ஆற்றில் போகும் படகுகளிடம் அங்கே அவர் சுங்கம் வாங்கி வந்தார். அதே ஆண்டில் ரிச்சர்ட் அந்த ஊரில்தான் ஷத்தோ கையாருக்குக் கடைக்கால் தோண்டினான்.

வெர்னோனில் இடிந்த பழைய பாலத்தின் தூண்கள் மேல் ஒரு மரவீடு ஆற்றுக்கு மேலே நிற்கிறது, பழைய ஆலை. எல்லோரும் அதைப் படமெடுக்கிறார்கள். நாங்களும் எடுத்தோம். இங்கே சொல்ல அதற்கு மேல் ஒன்றுமில்லை.

புதன் இரவு, லெஸாந்தெலி

இன்றைக்கு மலையேறவில்லை. மகளுக்குப் பொறுமை இல்லை. கீழே சாலையில் வரும்போதே வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை உச்சியில் கோட்டை தெரிகிறது, ஆற்று மட்டத்துக்கு மேல் சுமார் 90 மீட்டர் உயரத்தில். "மேல போகலாம்ப்பா, வெயில் நல்லா இருக்கு." நாளைக்கு என்றேன். கோட்டையை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு 1203-04-இல் பிலிப் இங்கே போட்ட முற்றுகை புரியாது என்பது என் உறுதியான எண்ணம். அது தோற்றது ஆற்றில்தான். அதனால் இன்றைக்கு முழுக்க ஆற்றங்கரை.

ரிச்சர்ட் இங்கே கட்டியது கோட்டையை மட்டுமல்ல. ஆற்றின் நடுவே ஒரு தீவு, அதில் ஒரு சின்ன அரண்மனையும் அரணும். கரையில் மதிலுக்குள் ஒரு புது ஊர், இன்று அதைச் சின்ன ஆந்தெலி என்கிறார்கள். தீவையும் கரையையும் பாலங்கள் இணைத்தன. அதற்குக் கொஞ்சம் தெற்கே, ஆற்றின் குறுக்கே மூன்று வரிசையாக அடித்த மரக்கம்ப வேலி, எதிரிப் படகு எதுவும் நீரோட்டத்தோடு வராதபடி. இவை எல்லாவற்றுக்கும் மேலே, பாறையில் கோட்டை. கீழே உள்ளவர்கள் ஆற்றை அடைத்து வைத்திருக்கும் வரை மேலே சோறு போகும். மேலிருந்து அம்பு விழும் வரை கீழே உள்ளவர்களை யாரும் நெருங்க முடியாது. ஒன்றில்லாமல் மற்றொன்று நிற்காது.

இவ்வளவையும் 1196 முதல் 1198 வரை, ஏறக்குறைய இரண்டே ஆண்டில் முடித்தார்கள். செலவு சுமார் 12,000 பவுண்டு. ரிச்சர்ட் தன் ஆட்சிக்காலம் முழுவதும் இங்கிலாந்தில் இருந்த எல்லாக் கோட்டைகளுக்கும் சேர்த்துச் செலவிட்டதே 7,000 பவுண்டு அளவுதான் என்று ஒப்பிட்டால் அவனுடைய அவசரம் விளங்கும். தன் ஊரைப் பறித்ததற்காகப் பேராயர் வால்டர் நார்மண்டி முழுவதற்கும் திருச்சபைத் தடை விதித்தார். கோயில்களில் வழிபாடு நின்றது, பிணங்கள் அடக்கமில்லாமல் கிடந்தன. 1197-இல் ரிச்சர்ட் டியெப் துறைமுகம், லூவியே ஊர், ரூவான் நகரத்து மாவு ஆலைகள் எல்லாவற்றையும் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டான். பேராயருக்கு லாபமான பரிமாற்றம். கட்டி முடித்த மறு ஆண்டே, 1199 ஏப்ரலில், எங்கோ ஷாலுஸ் என்ற ஊரில் ஒரு சின்னக் கோட்டையை முற்றுகையிட்டபோது பட்ட அம்புக் காயத்தால் ரிச்சர்ட் இறந்துபோனான். கோட்டை தம்பி ஜானிடம் வந்தது.

ஜானுடைய நடத்தை பிலிப்புக்கு வழி திறந்துவிட்டது. 1202-இல் பிரெஞ்சு அரசவை ஜானின் பிரெஞ்சு நிலங்கள் பறிமுதல் என்று தீர்ப்பளித்தது. ஜானிடம் சிறைப்பட்டிருந்த அண்ணன் மகன் ஆர்தர் 1203-இல் காணாமல் போனான், ஜானே கொன்றான் என்று எல்லோரும் நம்பினார்கள். நார்மண்டிப் பிரபுக்கள் ஒவ்வொருவராகப் பக்கம் மாறினார்கள். அந்த ஆகஸ்டில் பிலிப் வந்து சேர்ந்தான்.

காலையில் தொங்கு பாலத்தில் நடந்து எதிர்க்கரைக்குப் போனோம். செய்ன் இங்கே பெரிய வளைவு எடுக்கிறது. வளைவுக்குள் அடங்கிய தட்டையான பெர்னியேர் தீபகற்பத்தில்தான் பிலிப்பின் முதல் பாசறை. இங்கிருந்து பார்த்தால் எல்லாமே வரிசையாகத் தெரிகிறது: முன்னால் தீவு, அதற்குப் பின்னால் சின்ன ஆந்தெலியின் கூரைகளும் சென் சோவேர் தேவாலயத்தின் கோபுர முனையும், மேலே கோட்டை. பிலிப் கண்டதும் இதே காட்சிதான், தேவாலயக் கோபுரத்தைத் தவிர. மதிலை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்காமல் அவன் முதலில் கைவைத்தது மரக்கம்ப வேலியில். நீந்தத் தெரிந்த வீரர்கள் கோடாரியோடு ஆற்றில் இறங்கி, மேலிருந்து வந்த அம்பு மழையில் பலரை இழந்து, வேலியை வெட்டி வழி திறந்தார்கள். அந்த வழியே தட்டைப் படகுகளை இறக்கித் தீவுக்குக் கீழ்ப்புறம் தோணிப் பாலம் அமைத்தான். அதன் மேல் மரக் கோபுரங்கள். ஆற்றை அடைக்க ரிச்சர்ட் கட்டிய இடத்திலேயே பிலிப் அதை மறுபக்கமிருந்து அடைத்துவிட்டான்.

ஜான் ஒரே ஒரு முறை உருப்படியாக முயன்றான், ஆகஸ்டு கடைசியில். திட்டம் நல்ல திட்டம்தான். வில்லியம் மார்ஷல் தலைமையில் ஒரு படை இருட்டோடு தரைவழியே பாசறையைத் தாக்க வேண்டும். அதே நேரத்தில் ரூவான் பக்கமிருந்து உணவேற்றிய படகுகள் துடுப்புப் போட்டு வந்து தோணிப் பாலத்தை உடைக்க வேண்டும். மார்ஷல் சொன்னபடி வந்தான். பாசறையின் ஓரத்தில் தூங்கிக்கொண்டிருந்த வியாபாரிகளும் வேலையாட்களும் பாலத்துக்கு ஓடினார்கள், கூட்டத்தின் பாரம் தாங்காமல் பாலம் ஓரிடத்தில் விட்டுப்போனது. பிரெஞ்சுப் படை தீப்பந்தம் கொளுத்தி மீண்டும் அணிவகுத்தது, இரவோடிரவாகப் பாலத்தையும் சரிசெய்தது. படகுகள் வரவில்லை. எதிர்நீரோட்டத்தில் அவர்கள் போட்ட கணக்கு தவறிவிட்டது. மார்ஷல் விரட்டப்பட்ட பிறகு, விடிந்த வெளிச்சத்தில் அவை வந்து சேர்ந்தன. பாலத்துக் கோபுரங்களிலிருந்து கல்லும் மரக்கட்டைகளும் விழுந்தன. வந்தவழியே திரும்பினார்கள்.

பாலத்தின் நடுவில் நின்று இதை மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது, கீழே ஒரு சரக்குப் படகு மேல்நோக்கி மெதுவாகப் போனது. இயந்திரம் உறுமினாலும் நடைவேகம்தான். அவள் அதையே பார்த்துவிட்டு, "துடுப்புல எப்படிப்பா சரியான நேரத்துக்கு வருவாங்க?" என்று கேட்டாள். எத்தனையோ வரலாற்று ஆசிரியர்கள் பக்கம் பக்கமாக எழுதிய கேள்வி அது.

அதற்குப் பிறகு தீவு. பிலிப்பின் படையில் கோபேர் என்றொரு வீரன் இருந்தான், மாந்த் ஊர்க்காரன், நீச்சலில் கெட்டிக்காரன். மூடி அடைத்த பாத்திரங்களில் தணலை வைத்துக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு, நீருக்கடியில் நீந்தித் தீவின் காவலில்லாத பக்கத்துக்குப் போனான். மரவேலி பற்றிக்கொண்டது. தீவு வீழ்ந்தது. அதைப் பார்த்த சின்ன ஆந்தெலி மக்கள் கைக்குழந்தையும் சட்டிபானையுமாக மலைமேல் ஓடிக் கோட்டைக்குள் புகுந்தார்கள். காலியான ஊரில் பிலிப் தன் ஆட்களைக் குடியமர்த்தினான்.

இந்த இடத்தில்தான் முற்றுகை முடிந்துவிட்டது என்று நான் சொல்வேன். மதில் விழ இன்னும் அரை ஆண்டு இருந்தது. ஆனால் ஆறு போன பிறகு கோட்டைக்கு உணவு வர வழியில்லை. உள்ளே கணக்குப் போட்டு வைத்திருந்த தானியத்துக்கு இப்போது ஆயிரத்துக்கும் மேற்பட்ட புதுப் பசிகள்.

வியாழன் இரவு, லெஸாந்தெலி

காலை பத்து மணிக்கு மலையேறினோம். சின்ன ஆந்தெலியிலிருந்து போகும் ஒற்றையடிப் பாதை செங்குத்தானது. மழை பெய்தால் சுண்ணாம்பு மண் வழுக்கும், நல்ல காலணி அவசியம்.

கோட்டை மூன்று முற்றங்களாக, ஒன்றின் பின் ஒன்றாக இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் நடுவே பாறையைக் குடைந்த அகழி. மலையைத் தொடும் சமதளம் தென்கிழக்கில் மட்டுமே. அதனால் அந்தப் பக்கம் அம்பு முனைபோல் கூர்த்த முக்கோண வெளி அரண். அடுத்து நடு முற்றம். அதற்குள் நீள்வட்டமான உள் முற்றம், அதன் மதில் நேர்சுவர் இல்லை, அரைவட்டப் புடைப்புகளாக அடுத்தடுத்து வளைந்து வருகிறது. எறிகல் நேராக மோதி நிற்காமல் வழுக்கிப் போகட்டும் என்பதற்காக. கையை வைத்துப் பார்த்தேன். எண்ணூறு ஆண்டு மழைக்குப் பிறகும் கல்லுக்குக் கல் இணைப்பு அவ்வளவு சுத்தம். மத்தியக் கோபுரத்தின் அடி, வாசல் பக்கம் கப்பலின் முன்மூக்குபோல் கூராக நீண்டிருக்கிறது. ரிச்சர்ட் இதைப் பார்த்து, என் ஒரு வயது மகள் எவ்வளவு அழகு என்று சொன்னதாகச் சொல்வார்கள். இரும்பால் கட்டியிருந்தாலும் பிடிப்பேன் என்று பிலிப்பும், வெண்ணெயால் கட்டியிருந்தாலும் காப்பேன் என்று ரிச்சர்டும் சொன்னதாகவும் ஒரு கதை உண்டு. கட்டியவனின் பெருமை நியாயமானது. இவ்வளவு சிந்தித்துக் கட்டிய மதில்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஆனால் இன்றைக்கு நான் அதிகம் நின்றது மதிலுக்கு வெளியே, சரிவில்.

கோட்டைத் தளபதி ரோஜர் டி லேசி. செஸ்டர் நகரத்துக் காவற்தலைவன், ஜானுக்குக் கடைசிவரை உண்மையாக நின்ற மிகச் சிலரில் ஒருவன். பிலிப் நேரடியாக மோதவில்லை. மலையைச் சுற்றி இரட்டை அகழியும் மரக் கோபுரங்களும் அமைத்து, படைக்குக் குடிசைகள் போட்டுக் குளிர்காலத்துக்குத் தயாரானான். டி லேசி களஞ்சியத்தை எண்ணிப் பார்த்தான். அகதிகளாக வந்தவர்களில் முதியோரும் நலிந்தோருமாக 500 பேரை வெளியே அனுப்பினான். பிரெஞ்சுப் படை இரக்கப்பட்டு விட்டுவிட்டது. சில நாள் கழித்து இன்னும் 500 பேர், அவர்களும் தப்பினார்கள். செய்தி பிலிப்புக்குப் போனது. உள்ளே வயிறுகள் அதிகமாக இருந்தால்தான் கோட்டை சீக்கிரம் பணியும், இனி ஒருவரையும் விடக் கூடாது என்று கட்டளை போட்டான்.

கட்டளை தெரியாமல் மிச்சமிருந்த பல நூறு பேர் வெளியே வந்தார்கள். முன்னால் அம்பு. திரும்பி ஓடினார்கள். கதவு சாத்தியிருந்தது.

இடைப்பட்ட அந்தச் சரிவில், இரண்டு படைகளும் பார்க்க, குளிர்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தார்கள். இதை எழுதி வைத்தவர் பிலிப்பின் அரண்மனைக் குருவான கியோம் லெ ப்ரெத்தோன். முற்றுகைப் பாசறையில் கூடவே இருந்தவர், தன் மன்னனைப் புகழ்ந்து ஒரு நீண்ட லத்தீன் காவியம் பாடியவர். புகழ் பாட வந்தவரே இதை மறைக்கவில்லை என்பதால்தான் நான் அதை நம்புகிறேன். புல்லைத் தின்றார்கள். கோட்டையிலிருந்து துரத்திவிடப்பட்ட நாய்களைத் தின்றார்கள். வழிதவறிப் பறந்துவந்த ஒரு கோழியை இறகோடு விழுங்கினார்கள். அங்கேயே ஒரு பெண்ணுக்குக் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தைக்கு நேர்ந்ததையும் அவர் எழுதியிருக்கிறார். மகள் பக்கத்தில் இருந்ததால் அந்த வரியை நான் சத்தமாகச் சொல்லவில்லை, இங்கேயும் எழுதப் போவதில்லை.

கடைசியில் ஒரு நாள் பிலிப் பாலத்தைக் கடந்து வரும்போது அவர்கள் கூக்குரலிட்டார்கள். மன்னன் மனமிரங்கி உணவு கொடுத்து விடுவிக்கச் சொன்னான். அவர்களில் ஒருவன் நாயின் தொடை ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தான். போட்டுவிடு என்றார்கள். வயிறு நிறைய ரொட்டி கிடைக்கும் வரை இதை விடமாட்டேன் என்றான். நெடும்பட்டினிக்குப் பிறகு ரொட்டி கிடைத்ததும் அதைத் தின்றே பலர் செத்தார்கள்.

"உள்ள இருந்தவரு அவங்க ஆளுதானே? ஏன்ப்பா திரும்ப விடல?" என்று மகள் கேட்டாள். படைக்குச் சோறு வேண்டுமே, கோட்டை விழுந்தால் நாடே விழும் என்று அவன் நினைத்திருப்பான் என்றேன். "விழுந்துதானே போச்சு" என்றாள். எனக்கு அவளிடம் மறுத்துச் சொல்ல எதுவும் இல்லை. மார்ச்சு வரை நீடித்தது டி லேசியின் வீரம் என்று புத்தகங்கள் பாராட்டுகின்றன. நீடித்த ஒவ்வொரு வாரத்துக்கும் விலை கொடுத்தவர்கள் அந்தச் சரிவில் கிடந்தார்கள். போரைத் தொடங்கியதும் அவர்கள் இல்லை, புது ஊரில் குடியேறுங்கள் என்று ஒரு மன்னன் கூப்பிட்டபோது நம்பி வந்தவர்கள், அவ்வளவுதான். அவர்களில் ஒருவரின் பெயர்கூட நமக்கு வந்து சேரவில்லை. மதிலில் ஏறிய வீரனின் பெயர் வந்திருக்கிறது.

அந்த வீரன் போகி. ஆனால் அதற்கு முன்பு வெளி அரண் விழுந்தது. பிப்ரவரி 1204-இல் பிலிப் தாக்குதலைத் தொடங்கினான். இன்று எல்லோரும் படம் எடுக்கும் தென்கிழக்கு மேடுதான் அவன் எறிபொறிகளை நிறுத்திய இடம். அகழியை மண்ணும் மரக்கிளையும் போட்டுத் தூர்த்தார்கள். நிறைவதற்குள் பொறுமையிழந்தவர்கள் ஏணி வைத்து இறங்கினார்கள். மறுகரையில் ஏணி எட்டவில்லை, கத்தியைப் பாறையில் குத்திக் குத்தி ஏறினார்கள். முனைக் கோபுரத்தின் அடியைத் தோண்டி, மரமுட்டுக் கொடுத்து, அந்த மரத்துக்குத் தீ வைத்தார்கள். மரம் கரிந்ததும் கோபுரத்தின் ஒரு பகுதி சரிந்தது.

நடு முற்றத்தை இழந்தது ஒரு ஜன்னலால். ரிச்சர்டின் கோட்டையில் ஜான் புதிதாகச் சேர்த்த கட்டடம் அது, தேவாலயமும் கழிப்பறையும் கொண்டது. போகியும் சில தோழர்களும் அதன் தாழ்ந்த ஜன்னலைக் கண்டுபிடித்தார்கள். ஒருவன் தோள்மேல் ஒருவன் ஏறி நுழைந்து, கயிறு விட்டு மற்றவர்களைத் தூக்கிக்கொண்டார்கள். நுழைந்தது கழிப்பறை வழியா, தேவாலய ஜன்னல் வழியா என்று இன்றும் வாதம் நடக்கிறது. உள்ளிருந்தவர்கள் அவர்களைப் புகையில் கொல்ல நினைத்து அந்தக் கட்டடத்துக்கே தீ வைத்தார்கள், தீ அவர்கள் பக்கமே பரவியது. உள் முற்றத்துக்குப் பின்வாங்கினார்கள். போகி உயிரோடு வந்து தூக்குப் பாலத்தை இறக்கினான்.

உள் முற்ற வாசலுக்குப் போகும் பாலம் மரத்தால் ஆனதில்லை. அகழி வெட்டும்போதே பாறையை விட்டுவைத்துச் செதுக்கியது. அதன் அடியில் இன்று மகளும் நானும் நின்று பார்த்தோம். மேலிருந்து யாரும் பார்க்க முடியாது, எந்தக் கல்லும் விழாது. பிலிப்பின் ஆட்கள் அங்கே ஒளிந்துகொண்டுதான் மதிலின் அடியைத் தோண்டினார்கள். உள்ளிருந்தவர்கள் எதிர்ச்சுரங்கம் தோண்டினார்கள், இரண்டு பக்கமும் தோண்டிய சுவர் பலமிழந்தது. கபுலுஸ் என்ற பெரிய எறிபொறியின் கற்கள் அதை உடைத்தன. 1204 மார்ச் 6. உடைப்பின் வழியே படை புகுந்தபோது எஞ்சியிருந்த நூற்றுச் சொச்சம் பேர் அந்த அழகான மத்தியக் கோபுரத்துக்குள் ஒதுங்கக்கூட நேரமில்லாமல் பிடிபட்டார்கள். ஜான் அப்போது இங்கிலாந்தில் இருந்தான். டிசம்பரிலேயே கப்பலேறிவிட்டான்.

நடு முற்றத்தில் பாறையில் குடைந்த ஆழமான கிணறு ஒன்று உண்டு. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் பின்னால் நடந்த நூறாண்டுப் போரில், 1419-இல், ஆங்கிலேயர் இந்தக் கோட்டையை ஓராண்டு முற்றுகையிட்டபோது, நீர் இறைக்கும் கயிறுகள் தேய்ந்து அறுந்துபோனதால் பிரெஞ்சுக் காவற்படை சரணடைந்தது. 1599-இல் பிரெஞ்சு மன்னன் நான்காம் ஹென்றி கோட்டையை இடிக்க ஆணையிட்டான். துறவிகள் தங்கள் மடத்துக்குக் கல் எடுத்துப் போனார்கள்.

வெள்ளி இரவு, ரூவான்

வரும் வழியில் போஸ் என்ற ஊரில் பெரிய அணையையும் படகுப் பூட்டையும் பார்க்க நிறுத்தினோம். கடலின் ஓதம், அதாவது அலையேற்றம், இன்று இந்த அணை வரைதான் ஏறுகிறது. நீரோட்டத்தோடும் ஓதத்தோடும் கணக்குப் போட்டு வந்த ஜானின் படகோட்டிகள் இந்த இடத்தைக் கடந்துதான் துடுப்புப் போட்டிருக்க வேண்டும், அன்று அணை இல்லை.

ஷத்தோ கையார் விழுந்ததும் பிலிப் ரூவானுக்கு நேராக வரவில்லை. மேற்கே சுற்றி ஃபலேஸ், கான் நகரங்களைப் பிடித்துவிட்டு வந்தான். 1204 ஜூன் 24-இல் ரூவான் கதவைத் திறந்தது. ரோலோவின் காலம் முதல் 293 ஆண்டு தனித்து நின்ற நாடு பிரெஞ்சு மன்னனுக்குள் அடங்கியது. நார்மண்டிக் கோமகன்களின் உடைமையில் இங்கிலாந்து முடியிடம் இன்றும் எஞ்சியிருப்பவை ஜெர்சி, கெர்ன்சி முதலான கால்வாய்த் தீவுகள் மட்டும். கடல் அவர்கள் கையில் இருந்தது, ஆறு இல்லை.

வெற்றி பெற்றவன் ரூவானில் உடனே ஒரு கோட்டை கட்டினான். அதன் பெரிய வட்டக் கோபுரம் மட்டும் ரயில் நிலையத்துக்கு அருகில் நிற்கிறது, ஜோன் ஆஃப் ஆர்க் பெயரால். ரிச்சர்டின் இதயத்தைப் புதைத்த பேராலயத்தில் படுத்த நிலையில் அவன் சிலை இருக்கிறது. உடல் ஃபோந்த்வ்ரோ மடத்தில். மகள் சிலையை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "இவரு அந்த ஊருக்கு ஆளைக் கூப்பிடாம இருந்திருக்கலாம்" என்றாள்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். பாரிசிலிருந்து ரூவான் போகும் ரயிலில் கய்யோன்-ஒப்வுவாய் நிலையத்தில் இறங்கினால் லெஸாந்தெலிக்கு டாக்சியில் போகலாம். கார் இருந்தால் ஜிசோரில் தொடங்கி எப்த் வழியாக வருவது மேல். கோட்டையின் உள் முற்றத்துக்குக் கட்டணம் உண்டு, குளிர்காலத்தில் மூடியிருக்கும், செவ்வாய்க்கிழமை போகாதீர்கள். வெளிச்சரிவும் அகழிகளும் எல்லா நாளும் திறந்தவை, கட்டணமில்லை. ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் காலையை எதிர்க்கரையில் கழித்துவிட்டு மத்தியானம் மலையேறுங்கள். சின்ன ஆந்தெலி பக்கமிருந்து ஏறுங்கள், அந்த மக்கள் ஓடிய வழி அதுதான்.